அகதியின் தோளில் துப்பாக்கி

இரசாயனம் படிக்கிறவன் படைகளைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் ஆண்டிலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருள் நல்லதா தீயதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், அது எவ்வெவற்றிலிருந்து உண்டாயிற்று, எந்தச் சூழ்நிலையில் உண்டாயிற்று என்று கேள் என்பதே அந்தப் பாடம். சமன்பாட்டின் வலப்பக்கத்தை மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விட்ட மாணவனுக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். உலக நடப்பை அறிவதில் மட்டும் நாம் பெரும்பாலும் வலப்பக்கத்தோடு நின்றுவிடுகிறோம்.

மேற்கு ஆசியப் போர்ச் செய்திகளில் 'பாத்திமியூன்' என்ற பெயர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அடிபட்டு வந்திருக்கிறது. ஈரான் அமைத்து, ஆயுதம் தந்து, சிரியாவுக்கு அனுப்பிய ஷியாப் படை அது. அதில் இருந்தவர்கள் ஈரானியர் அல்லர், சிரியரும் அல்லர், பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானத்து ஹசாரா இனத்தவர். ஒரு சாரார் அவர்களைக் கூலிப்படை என்றனர். மற்றொரு சாரார் தியாகிகள் என்றனர். இந்த இரண்டு பெயர்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மேற்கொண்டு கேள்வி கேட்காதபடி நம் வாயை அடைக்கின்றன. ஒரு நாட்டில் பிறந்தவன், இன்னொரு நாட்டின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, மூன்றாம் நாட்டின் மண்ணில் ஏன் மடிந்தான்? அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சொல்லும் கதை

பாத்திமியூன் என்றால் பாத்திமாவைச் சார்ந்தவர்கள் என்று பொருள். பாத்திமா, நபிகள் நாயகத்தின் மகளார்; அலியின் துணைவியார். கி.பி. 632இல் நபிகள் மறைந்தபின், சமுதாயத்தின் தலைமை அலிக்கும் அவர் வழியினருக்குமே உரியது என்று கொண்டவர்கள் ஷியாக்கள். கி.பி. 680இல், இன்றைய இராக்கிலுள்ள கர்பலாவில், அலிக்கும் பாத்திமாவுக்கும் பிறந்த ஹுசேன், தம்முடன் இருந்த சிறு கூட்டத்தாரோடு யஸீதின் பெரும்படையால் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரி ஜைனப் சிறை செய்யப்பட்டு டமாஸ்கஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அரசவையில் அஞ்சாது நின்று அநீதியை எடுத்துரைத்தார் என்று ஷியாக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கண்ணகியை அறிந்த நமக்கு அந்தக் காட்சியின் ஆற்றலை விளக்கவேண்டியதில்லை.

டமாஸ்கஸ் நகருக்குத் தெற்கே, பொற்குவிமாடத்தோடு கூடிய ஜைனபின் அடக்கத்தலம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிரியாவில் மக்கள் கிளர்ச்சி மூண்டு, அது உள்நாட்டுப் போராக முற்றியபோது, அந்தத் தலத்துக்கு ஆபத்து என்ற குரல் எழுந்தது. ஜைனப் இரண்டாம் முறை சிறைப்பட விடமாட்டோம் என்பதே படைக்கு ஆள் சேர்த்தவர்களின் அழைப்பாக இருந்தது. அந்த அச்சம் முழுக்கக் கற்பனை என்று சொல்வதற்கில்லை. 2016இல் ஐ.எஸ். இயக்கத்தார் அந்தத் தலத்தைச் சுற்றியுள்ள ஊரில் குண்டு வைத்துப் பலரைக் கொன்றனர். ஆகவே, பக்தியினால் போனவர்களும் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பக்தி ஒன்றுதான் காரணம் என்றால், ஈரானில் கோடிக்கணக்கான ஷியாக்கள் இருக்க, முன்வரிசையில் நிற்க ஆப்கானிய ஏழையை ஏன் தேட வேண்டும்? விடை வேறிடத்தில் இருக்கிறது.

மலைநாட்டு மக்கள்

ஆப்கானிஸ்தானத்தின் நடுவே உள்ள மலைநாடு ஹசாராக்களின் தாயகம். புத்தர் சிலைகளால் நாம் அறிந்த பாமியான் அவர்கள் நாட்டில் உள்ளதே. பாரசீகத்தின் ஒரு வழக்கைப் பேசுகிறவர்கள், பெரும்பாலோர் ஷியாக்கள். சுன்னிகள் மிகுந்த நாட்டில் சமயத்தாலும் முகச் சாயலாலும் உடனே அடையாளம் தெரிந்துவிடுகிறவர்கள். அந்த அடையாளத்துக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

1890களில் அமீர் அப்துர் ரஹ்மான் அவர்கள்மேல் படையெடுத்தார். பல்லாயிரவர் மாண்டனர்; பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர்; தப்பியவர்கள் ஈரானில் மஷ்ஹத் நகருக்கும், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் குவெட்டாவுக்கும் ஓடினர். ஆப்கானிஸ்தானத்தில் அடிமை முறை ஒழிந்ததே 1920களில், அமானுல்லாவின் ஆட்சியில்தான்.

குவெட்டாவுக்கு வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தியர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி. 1904இல் பிரிட்டிஷார் அவர்களைக் கொண்டே ஒரு பட்டாளம் அமைத்தனர். ஹசாரா பயனீர்ஸ் என்பது அதன் பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பட்டாளம் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பப்பட்டது. 1933இல் கலைக்கப்பட்டது. வீட்டை இழந்து வந்தவனுக்கு இடமும் சம்பளமும் கொடுத்து, தனக்கு வேண்டிய போருக்கு அவனை அனுப்புவது ஈரான் கண்டுபிடித்த வழி அன்று. நம் நாட்டிலிருந்து ஆண்டவர்களே அதை முன்பு கையாண்டிருக்கிறார்கள்.

பின்னரும் அமைதி வரவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் புகுந்தன. இலட்சக்கணக்கானோர் ஈரானுக்கும் பாகிஸ்தானுக்கும் சென்றனர். 1998 ஆகஸ்டில் மஸார்-இ-ஷரீப் நகரைத் தாலிபான் கைப்பற்றியபோது, ஹசாராக்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றனர். இறந்தவர் இரண்டாயிரத்துக்குக் குறையமாட்டார்கள் என்பது மனித உரிமை அமைப்பினரின் மதிப்பீடு. ஹசாரா இளைஞன் ஒருவனிடம் போய், உன் குலத்தை அழிக்க வருகிறார்கள் என்று சொன்னால், அதை நம்புவதற்கு அவனுக்குப் பிரசாரம் தேவையில்லை. அவனுடைய பாட்டனும் தந்தையும் சொன்ன கதைகளே போதும்.

சீட்டு இல்லாத வாழ்வு

இனி ஈரானுக்கு வருவோம். 2015 வாக்கில் அங்கே ஏறத்தாழ 30 இலட்சம் ஆப்கானியர் வாழ்ந்தனர். அவர்களுள் அகதி என்று முறையாகப் பதிவு பெற்றவர்கள் சுமார் 9 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மட்டுமே. மற்றவர்களில் சிலரிடம் தற்காலிக அனுமதி இருந்தது; பெரும்பாலோரிடம் ஒன்றும் இல்லை. கட்டடம் கட்டும் இடங்களிலும், செங்கற்சூளைகளிலும், வயல்களிலும் உடல் வருந்தி உழைத்தவர்கள் அவர்கள். போலீஸ்காரர் கேட்டால் காட்ட ஒரு சீட்டு இல்லை. பிடிபட்டால் எல்லைக்கு அப்பால் விடப்படுவார்கள்.

ஈரான் செய்த நன்மையையும் சொல்லவேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகிலேயே மிகுதியான அகதிகளுக்கு இடம் தந்த நாடுகளுள் அது ஒன்று. சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆப்கானியப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று 2015இல் அந்நாட்டின் உயர் தலைவர் காமெனி ஆணையிட்டார். ஆனால், இடம் கொடுத்தது வேறு. இருக்க உரிமை கொடுத்தது வேறு.

நண்பர்களே, நாமும் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள்தாம். என் தந்தையார் வேலை தேடி வடக்கே வந்தபோது, வாடகைக்கு வீடு பிடிக்கவும், ரேஷன் அட்டை வாங்கவும், என்னைப் பள்ளியில் சேர்க்கவும் எத்தனையோ சான்றிதழ்களுக்கு அலைந்திருக்கிறார். மொழி தெரியாமல் மூன்று முறை திரும்பி வந்த அலுவலகங்களைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு எழுவதுண்டு. ஆனால் அவருடைய அலைச்சலுக்கு ஓர் எல்லை இருந்தது. அவர் இந்தியக் குடிமகன். இங்கே இருக்காதே என்று அவரை எந்த அதிகாரியும் விரட்ட முடியாது. ஈரானில் சூளையில் வேலை செய்த ஆப்கானியனுக்கு அந்த எல்லைக் கோடு இல்லை. அவன் அலைச்சலின் மறு முனையில் இருந்தது நாடுகடத்தல்.

ஆள் தேடிய போர்

சிரியாவின் அதிபர் பஷார் அல் அசாத், ஈரானின் நெடுநாள் நண்பர். அவர் ஆட்சி விழுந்தால், லெபனானிலுள்ள ஹிஸ்புல்லாவுக்கு ஈரான் ஆயுதம் அனுப்பும் தரைவழி அற்றுப்போகும். எனவே, அவரைக் காப்பது தன்னைக் காப்பதாகும் என்று ஈரான் கருதியது. ஆனால் அசாத்தின் இராணுவம் தேய்ந்துகொண்டே வந்தது. வீரர்கள் மாண்டனர், பலர் ஓடிப்போயினர். ஈரானோ தன் மக்களைப் பெருந்தொகையாக அனுப்ப விரும்பவில்லை. தன் பிள்ளைகளின் பிணங்கள் அந்நிய நாட்டிலிருந்து நாளும் வந்தால், எந்த அரசும் மக்களுக்கு விடை சொல்லியாக வேண்டுமன்றோ?

முதலில் ஹிஸ்புல்லா வந்தது. இராக்கிலிருந்து ஷியாப் படைகள் வந்தன. ஆனால் 2014 ஜூனில் ஐ.எஸ். இயக்கம் இராக்கின் மோசுல் நகரைக் கைப்பற்றவே, இராக்கியர் பலர் தம் நாட்டைக் காக்கத் திரும்பினர். அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. அந்த வேளையில்தான் பாத்திமியூன் பெருகியது. பாகிஸ்தானியரைக் கொண்டு ஜைனபியூன் என்ற வேறொரு படையும் எழுந்தது.

பாத்திமியூன் படையைத் தொடங்கி நடத்தியவர், முன்பே போர்க்களம் கண்ட ஆப்கானியரான அலி ரஸா தவஸ்ஸூலி. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–இராக் போரிலேயே ஆப்கானிய ஷியாக்கள் ஈரானின் பக்கம் போரிட்டிருந்தனர்; அந்தப் பழைய உறவுகள் இப்போது பயன்பட்டன. 2015 பிப்ரவரியில் தென் சிரியாவில் தவஸ்ஸூலி கொல்லப்பட்டார். படையோ வளர்ந்துகொண்டே போயிற்று. ஈரானின் புரட்சிக் காவல் படையினர் அதற்குப் பயிற்சியும் ஆயுதமும் தந்தனர். சில வாரப் பயிற்சி; பிறகு விமானத்தில் டமாஸ்கஸ். அலெப்போ, பால்மைரா, யூப்ரட்டீஸ் ஆற்றோரப் போர்கள் ஆகியவற்றில் அவர்கள் முன்னே சென்று தாக்கும் காலாட்படையாக நின்றனர். 2015 செப்டம்பருக்குப் பின் வானிலிருந்து ரஷ்ய விமானங்கள் குண்டு வீசின. வீசியபின் தரையில் நடந்து போய் இடத்தைப் பிடிப்பதற்கு மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்களுள் இவர்கள் இருந்தனர்.

எப்படிச் சேர்த்தார்கள்? மாதம் 500 முதல் 700 டாலர் வரை சம்பளம் என்று சேர்ந்தவர்கள் செய்தியாளர்களிடம் கூறியிருக்கிறார்கள். சூளைக் கூலிக்கு அது பெரும் தொகை. அதனினும் பெரிய ஆசை ஒன்று காட்டப்பட்டது: குடும்பத்துக்கு வாழ்வுரிமைச் சீட்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 2015ஆம் ஆண்டின் இறுதியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்கானியரைக் கண்டு பேசியது. விரும்பிச் சேர்ந்தோம் என்றவர்களும் இருந்தனர். சிரியாவுக்குப் போகிறாயா, ஆப்கானிஸ்தானத்துக்குத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள் என்றவர்களும் இருந்தனர். அவர்கள் எல்லோரும் தாமே முன்வந்த தொண்டர்கள் என்பதே ஈரான் அரசாங்கத்தின் நிலை. 2016 மே மாதத்தில் ஈரானிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஈரானுக்காகப் போரில் இறந்த வெளிநாட்டினரின் குடும்பத்தாருக்குக் குடியுரிமை வழங்கலாம் என்றது அந்தச் சட்டம்.

இந்த ஓர் இடத்தில் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். உயிரோடு இருந்து செங்கல் சுமந்தவனுக்குக் கிடைக்காத சீட்டு, அவன் செத்தால் அவன் பிள்ளைக்குக் கிடைக்கும்!

இரு பக்கமும் விழுந்த அடி

2018 ஜனவரியில் அந்தப் படையின் அலுவலர் ஒருவரே கணக்குச் சொன்னார். இறந்தவர் 2,000க்கும் மேல். காயமுற்றவர் 8,000க்கும் மேல். இறந்தவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். ஈரானிய இடுகாடுகளிலுள்ள கல்லறைகளின் புகைப்படங்களை ஆராய்ந்து, எட்டு ஆப்கானியச் சிறுவர்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2017இல் அடையாளம் காட்டியது. அவர்களுள் ஒருவனுக்கு வயது பதினான்கு. நம் சங்கத்தில் உள்ளவர்களின் தம்பிமார் பதினான்கு வயதில் ஒன்பதாம் வகுப்பில் இருப்பார்கள்.

இவர்களுக்காக இரங்கும்போது, இவர்கள் துப்பாக்கியின் எதிரே நின்றவர்களை மறந்துவிடலாகாது. அலெப்போவில் வீடிழந்த சிரியத் தாய்க்கு, எதிரே வந்தவன் ஈரானில் சீட்டில்லாமல் தவித்தவன் என்பது தெரியாது. தெரிந்தாலும் அவளுக்கு அது ஆறுதல் ஆகாது. தன் ஊருக்கு எங்கிருந்தோ வந்த அந்நியன் அவன். தன் மக்களை நசுக்கிய ஆட்சியைத் தாங்கிப் பிடித்தவன். மறுபக்கத்திலும் பல நாடுகளிலிருந்து வந்த சுன்னிப் போராளிகள் குவிந்தனர். இப்படியாக, சிரியரின் உள்நாட்டுச் சண்டை இரு சமயப் பிரிவுகளின் சண்டையாக உருமாறியது. யாருடைய போர் என்று கேட்டால், எல்லாருடையதும் ஆயிற்று. சாவதும் அகதியாவதும் மட்டும் பெரும்பாலும் சிரியர் பங்காக நின்றது.

அந்தத் தீயின் பொறி ஆப்கானிஸ்தானத்திலும் விழுந்தது. 2016 ஜூலை 23ஆம் நாள் காபூலில் ஹசாராக்கள் ஊர்வலம் சென்றனர். அவர்கள் கேட்டது ஆட்சியன்று, மின்சாரம். பெரிய மின்தடம் ஒன்றைப் பாமியான் வழியாகக் கொண்டுவரவேண்டும் என்பதே கோரிக்கை. ஐ.எஸ். இயக்கத்தார் அந்தக் கூட்டத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து, 80க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றனர். ஹசாராக்கள் சிரியாவுக்குப் போய்ப் போரிடுவதை நிறுத்தும்வரை இத்தகைய தாக்குதல் தொடரும் என்று அந்த இயக்கத்தின் தளபதி ஒருவர் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். மஷ்ஹதில் சீட்டுக்காகச் சேர்ந்தவனின் கணக்கு, காபூலில் விளக்குக் கேட்டவன் தலையில் எழுதப்பட்டது. குண்டு வைத்தவனுக்குக் காரணம் எப்போதும் கிடைக்கும் என்பது உண்மையே. மஸார்-இ-ஷரீப் படுகொலையின்போது பாத்திமியூன் என்ற பெயரே இல்லை. ஆனாலும் பழைய பகைக்கு இது ஒரு புதிய சாக்கு ஆயிற்று.

போர் முடிந்தபின்

2017ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.எஸ். தோற்றுவிட்டது என்று ஈரான் அறிவித்தது. பலர் வீடு திரும்பினர். 2019 ஜனவரியில் அமெரிக்கா பாத்திமியூன், ஜைனபியூன் இரண்டின்மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. 2020 டிசம்பரில் அன்றைய ஈரானிய வெளியுறவு அமைச்சர் ஸரீப், காபூல் அரசாங்கம் விரும்பினால் இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கருத்தில் பேசினார். ஆப்கானிஸ்தானத்திலும் இந்தப் படை இறங்கப்போகிறதோ என்று பலர் அஞ்சினர். ஆனால் 2021 ஆகஸ்டு 15ஆம் நாள் தாலிபான் காபூலைப் பிடித்தபோது, ஹசாராக்களைக் காக்கப் பாத்திமியூன் அங்கே போய் நிற்கவில்லை. ஜைனபின் தலத்தைக் காக்க ஆயிரம் மைல் தாண்டிப் போனவர்களின் தாய் தந்தையர் வாழ்ந்த ஊரைக் காக்க, அந்தப் படை ஏவப்படவில்லை. படை யார் கையில் இருக்கிறதோ, அவர் நலனுக்கு ஏற்பவே அது நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2024 டிசம்பர் 8ஆம் நாள் அசாத் நாட்டை விட்டு ஓடினார். எந்த ஆட்சியைக் காக்க அத்தனை உயிர்கள் போயினவோ, அந்த ஆட்சி சில நாட்களில் சரிந்தது. ஈரானும் அதைச் சார்ந்த படைகளும் சிரியாவை விட்டு வெளியேறின. அடுத்த ஆண்டே இன்னொரு செய்தி வந்தது. சீட்டு இல்லாத ஆப்கானியர் 2025 ஜூலை 6ஆம் நாளுக்குள் வெளியேறவேண்டும் என்று ஈரான் அரசாங்கம் கெடு வைத்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் எல்லையைத் தாண்டித் தாலிபான் ஆட்சிக்குள் திரும்பினர். பலர் ஈரானிலேயே பிறந்தவர்கள். ஆப்கானிஸ்தானத்தைக் கண்ணால் கண்டறியாதவர்கள்.

சலுகையும் உரிமையும்

இப்போது சமன்பாட்டின் இடப்பக்கத்தை எழுதிவிடலாம். நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட அச்சம் ஒன்று, ஆழ்ந்த சமயப் பற்று ஒன்று, வறுமை ஒன்று. இம்மூன்றும் உலகில் பல இடங்களில் இருக்கின்றன. எல்லா இடங்களிலும் படை பிறந்துவிடுவதில்லை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து மூட்டிய வெப்பம், நாளைக்கு இங்கே இருப்போமா என்ற நிச்சயமின்மை. ஓர் அரசு ஒருவனுக்கு உரிமையாகத் தரவேண்டியதைச் சலுகையாகத் தன் கையில் வைத்துக்கொண்டால், அந்தச் சலுகைக்கு எந்த விலையையும் என்றைக்கு வேண்டுமானாலும் கேட்கலாம். கூலி கேட்கலாம், வாக்குக் கேட்கலாம், உயிரையும் கேட்கலாம். கேட்டதைக் கொடுத்த பின்னும், சலுகை சலுகையாகவே இருக்கும்.

இதை ஈரானுக்கு மட்டும் சொல்லி நாம் கைகழுவிவிட முடியாது. அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஈரான் சேர்ந்திருக்கிறது. இந்தியா சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. தில்லியில் லாஜ்பத் நகர், போகல் பக்கம் போனவர்கள் ஆப்கானியர்களின் ரொட்டிக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கடையில் மாவு பிசைகிறவர் இங்கே இருப்பது நம் அரசாங்கத்தின் தயவினால். தயவு நல்லதுதான். ஆனால் தயவின்மேல் ஒருவன் வீடு கட்ட முடியாது.

அடுத்த முறை செய்தித்தாளில் அந்நியப் படை, கூலிப்படை, தியாகிகள் படை என்று ஒரு சொல்லைக் காணும்போது, அந்தச் சிப்பாய் சேர்ந்த நாளில் அவன் சட்டைப்பையில் என்ன சீட்டு இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது என்று ஒரு கணம் கேட்டுப்பாருங்கள். அவன் செய்த தீங்கை அந்தக் கேள்வி மன்னித்துவிடாது. ஆனால் அடுத்த படை எங்கே பிறக்கும் என்பதை முன்கூட்டியே நமக்குச் சொல்லும். படை எடுத்தபின் தடை விதிப்பதைவிட, சூளையில் நிற்பவன் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பது எளிது, செலவும் குறைவு.